நீலப் பெட்டிகள் வராத மேசை

வேலையிடத்தில் அவளை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் வாங்கிய மின்சாதனங்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்களே, அவை வந்து குவிகிற கிடங்கு அது. ஆறாம் நம்பர் மேசை அவளுடையது. நாளொன்றுக்கு அறுபது எழுபது பெட்டிகள். ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரம் கொடுத்து, குனிந்து காதை வைத்துக் கேட்டு, பிழைக்குமா பிழைக்காதா என்று சீட்டு ஒட்டுவாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தடியன் பெட்டிகளை இறக்கும்போதே, "டாக்டர், இன்னிக்கி எத்தன பிணம்?" என்பான். "நீ பாத்து இறக்கியிருந்தா பாதி பொழச்சிருக்கும்" என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

பதினோரு வருஷமாக இதே வேலை. இந்தப் பதினோரு வருஷத்தில் அவளுக்கு ஒரு வித்தை பிடிபட்டிருந்தது. திரும்பி வந்த பொருளைப் பிரித்தால் அதைச் செய்த கம்பெனியின் வயிற்றுக்குள்ளேயே எட்டிப் பார்த்த மாதிரி. ஒரே மாடலில் ஆறு மாதத்துக்குள் மூன்று விதமான ஸ்க்ரூ இருந்தால், அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். பசை வழிந்து காய்ந்திருந்தால் யாரோ தேதி சொல்லி விரட்டியிருக்கிறார்கள். போன மாதம் நொறுங்கி வந்த மூலை இந்த மாதம் தடிமனாக வந்தால், அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர் திரும்பி வந்த சாமானை உட்கார்ந்து பார்க்கிறார். அப்படிப்பட்ட கம்பெனி மேலே வரும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் காதில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி விஷயத்தில் அவள் இப்படிச் சொன்னது பலித்துவிட்டது. பெயர் தெரியாத கம்பெனி. அதன் பெட்டிகள் மேசைக்கு வருவது மாதாமாதம் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஷேர் வாங்கலாம் என்று அக்கா வீட்டில் வாய்தவறிச் சொல்லிவைத்தாள். அத்தான் வாங்கினார். மூன்று மடங்கானது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் சமையலறை மேசையில் அவளுக்குத் தனி நாற்காலி.

அத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பராமரிப்பு. இருபத்தேழு வருஷம் இருட்டுக் குழிக்குள் இறங்கி ஏறி முதுகு போனவர். பிழைக்க வந்த ஊரின் மொழியை அவருக்குப் பேச வரும், லிஃப்ட் பலகையில் இருக்கிற அளவுக்குப் படிக்கவும் வரும். அதற்கு மேல் வராது. அவள் இரண்டு மொழியிலும் பள்ளிக்கூடம் போனவள். அதனால் கம்பெனிகள் வருஷா வருஷம் வெளியிடுகிற ரிப்போர்ட்டை அவள் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் அக்கா, "தூங்கிட்டாரு, நீ யாருக்குடி படிக்கிற?" என்பாள். "தூங்கல, கம்பெனிய உள்வாங்கிட்டிருக்கேன்" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

இந்த முறை பேச்செல்லாம் பேட்டரி. கைப்பெட்டி அளவில் இருக்கும், சுவரோரம் வைத்துவிட்டால் மின்சாரம் போன நேரத்தில் வீட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும். தொழிலே புதுசு. ஐந்து கம்பெனிகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. இவற்றில் எது முதலிடத்துக்கு வரும் என்று பத்திரிகைகளில் ஆளுக்கொரு ஆரூடம். அவள் எந்தப் பத்திரிகையையும் நம்பவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து கட்டம் போட்டு, தன் மேசைக்கு வந்ததை மட்டும் கோடு கிழித்தாள். நாலு கம்பெனிகளின் பெட்டிகள் மழைபோல வந்தன. ஐந்தாவதன் பெட்டி நீல நிறம். முதல் வருஷம் அதிலும் கொஞ்சம் வந்தது, ஆனால் காரணச் சீட்டுகளைப் படித்தால் சிரிப்பு வரும். 'நிறம் பிடிக்கவில்லை.' 'மாமியார் வேண்டாம் என்கிறார்.' பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குறையும் இருக்காது. அடுத்த வருஷம் அதுவும் நின்றுபோனது. இதோடு பதினாலு மாதம், ஒரு நீலப் பெட்டிகூட அவள் மேசைக்கு வரவில்லை. கடைகளில் விற்பனையோ ஏறிக்கொண்டே இருந்தது.

விற்பது ஏறுகிறது, திரும்புவது பூஜ்யம். இப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை. வரவு நின்ற இரண்டாம் மாதமே அத்தானிடம் சொல்லிவிட்டாள்.

"இதுதான் அத்தான்" என்றாள். "மத்த நாலும் மூச்சு வாங்கிட்டு பின்னாடி வரும். இத யாராலயும் பிடிக்க முடியாது."

"மச்சினி சொன்னா மறுபேச்சில்ல" என்றார் அத்தான். முதலில் கொஞ்சமாகப் போட்டார். ஒரு வருஷத்துக்குள் ஒன்றரை மடங்கு. இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இருபத்தேழு வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுத்த தொகை மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. சொந்த வீடு இல்லை, பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனி அவர்கள் இருவரும் உயிரோடு இருக்கப்போகிற காலம் முழுவதற்கும் வாடகை, மருந்து, சாப்பாடு எல்லாம் அந்த ஒரே தொகைதான். அது முழுவதையும் நீலப் பெட்டியில் போடுவதற்கு வியாழக்கிழமை மூன்று மணிக்கு முதலீட்டு அலுவலகத்தில் கையெழுத்து.

திங்கட்கிழமை மதியம் அவள் லாரிகள் வந்து நிற்கிற மேடையோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமான டிரைவர் லீவு, புதிதாக ஒரு மீசைக்காரர் வந்திருந்தார். சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க அவளிடம்தான் வந்தார். பேச்சுவாக்கில் கேட்டாள்.

"நீலப் பெட்டிக் கம்பெனி சரக்கெல்லாம் உங்க ரூட்ல வராதா?"

"அத நான் எதுக்கும்மா ஏத்தணும்? எனக்கும் பொண்டாட்டி புள்ளங்க இருக்கு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கிடங்குக்கு அது வராதே. போன வருஷம் ஆரம்பத்துலயே நிறுத்தியாச்சு. நம்ம ஆள் ஒருத்தரு வண்டில ஒண்ணு பொகைய ஆரம்பிச்சிடுச்சு. அவரு குதிச்சு ஓடினதால தப்பிச்சாரு. அதுலேர்ந்து அதுக்குன்னு தனி வண்டி. மணல் நெரப்பின டிரம்முல போட்டு, கல் குவாரிக்குப் பக்கத்துல ஒரு யார்டு இருக்கு, அங்க கொண்டு போய் வெக்கறாங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள். அவரே அவள் விரலிடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

பதினாலு மாதம். நீலப் பெட்டிக்கென்று ஒதுக்கிய அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்து அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். தடியனைக் கூப்பிட்டுக் காட்டிக்கூட இருக்கிறாள். எதுவும் வரவில்லை என்றால் எதுவும் கெடவில்லை என்று அவளுக்கு எப்படித் தோன்றிற்று? வேறெங்காவது போகிறதோ என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றவில்லையே. பதினோரு வருஷமாக உலகத்தில் பழுதானதெல்லாம் இந்த மேசைக்குத்தான் வரும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். மிச்சச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் ஒட்டிய சீட்டுகளில் மூன்றைத் தப்பாக ஒட்டினாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி அந்த யார்டுக்குப் போனாள். போவதற்கு அவளுக்கு எந்த உரிமையும் கிடையாது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, லாரிகள் அரைத்துப் போட்ட வெள்ளைத் தூசியில் கால் மணி நேரம் நடந்தாள். உயரமான கம்பிவலை. அதற்கு அந்தப் பக்கம் திறந்தவெளியில் டிரம்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக வரிசை போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஆள் ஓடுகிற அளவுக்கு இடம் விட்டு. மணலுக்கு மேலே அங்கங்கே நீல மூலை துருத்திக்கொண்டிருந்தது. கெட்டுப்போன பழத்தையும் நகத்துக்குப் பூசும் சாயத்தையும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு வாடை. எண்ண ஆரம்பித்தாள். நானூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள்.

வாசலில் காவலுக்கு இருந்த பெண் எழுந்து வந்தாள். தலையில் துண்டு, கையில் விசில்.

"என்ன வேணும்?"

"கிடங்குலேர்ந்து வர்றேன். திரும்பி வர்ற சாமான் பாக்கற வேலை." அடையாள அட்டையைக் காட்டினாள். "இதெல்லாம் எப்பத்துலேர்ந்து இங்க இருக்கு?"

"இதா? இது இந்த மாசத்தது."

"எல்லாமே கெட்டுப்போனதா?"

"கெட்டதா நல்லதான்னு யாரு பாத்தா? தொறக்கவே கூடாதுன்னு உத்தரவு. வரும், மணல்ல புதைப்போம், மாசக் கடைசில வேற வண்டி வந்து அள்ளிட்டுப் போகும்." அந்தப் பெண் சட்டென்று கையை உயர்த்தினாள். "பேசாத."

இரண்டு பேரும் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் ஏதோ ஒரு டிரம்மிலிருந்து மெல்லிய சத்தம், கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. தன் மேசையில் தான் குனிந்து கேட்பதைப்போலவே அந்தப் பெண்ணும் தலையைச் சாய்த்துக் கேட்பதை அவள் பார்த்தாள். சத்தம் அடங்கியது.

"போயிடுச்சு" என்றாள் காவல்காரி. "நீங்களும் போயிடுங்க. இங்க நிக்கிறது நல்லதில்ல."

வீட்டுக்கு வந்து நீலப் பெட்டிக் கம்பெனியின் ரிப்போர்ட்டை எடுத்தாள். அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டியது அது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை. 'வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பியவை' என்ற வரியில் மிகச் சிறிய எண். அந்த வரியை அவள் அன்றைக்கு இரண்டு தடவை படித்தாள், இரண்டாவது தடவை குரலை உயர்த்தி. அதற்கு மூன்று வரி கீழே 'பாதுகாப்பாக அகற்றப்பட்டவை' என்று இன்னொரு எண், முதலாவதைப்போல நாற்பது மடங்கு. அதை அவள் படிக்கவே இல்லை. ஒளித்து வைக்க வேண்டும் என்று விடவில்லை. தன் வேலைக்குச் சம்பந்தப்பட்ட வரியைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் புருஷன் சீருடைக் கடையில் அளவெடுப்பவர். எதையும் இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் பேசுவார். துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"வேலைக்குச் சேந்த அன்னிக்கி ஒரு தாள்ல கையெழுத்து போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"கிடங்குல பாக்கறத வெளிய சொல்லக் கூடாதுன்னு."

"அத வெச்சு ஷேர் வாங்கவும் கூடாதுன்னு. நீதான் எனக்குப் படிச்சுக் காமிச்ச."

"குப்பைதானேங்க பாக்கறேன். குப்பையில என்ன ரகசியம்னு நெனச்சேன்."

"இப்ப குப்பைதான் ரகசியமாயிடுச்சு." மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "வாங்கச் சொன்னதே தப்பு. இப்ப வேண்டாம்னு சொன்னா அந்த யார்டுக்கு ஏன் போனன்னு கிடங்குல கேப்பாங்க. ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்ட."

"சொல்லாம இருந்தா?"

அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.

அவளைப் பிடித்து ஆட்டிய பயம் வேலை போய்விடும் என்பதோடு நிற்கவில்லை. நானூறு டிரம் என்பது பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி லட்சக்கணக்கில் விற்கிறது. ஒருவேளை இது வெறும் முன்ஜாக்கிரதையாக இருக்கலாம். மற்ற நாலு கம்பெனிகளுக்கு அந்த ஜாக்கிரதைகூட இல்லாமல் இருக்கலாம். நீலப் பெட்டியே கடைசியில் முதலிடத்துக்கு வந்துவிட்டால்? அக்காவின் முழங்காலுக்கும் வாடகைக்கும் குறுக்கே நின்றவள் என்று ஆயுசுக்கும் பெயர் நிற்கும். பேசாமல் இருந்து அது சரிந்தால்? அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புதன்கிழமை அக்காவுக்கு போன் செய்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "உங்க அத்தான் கூட வேல செஞ்ச ரெண்டு பேரும் போடறாங்களாம்டி. எங்க மச்சினி பாத்துச் சொன்னதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்காரு. சட்டையெல்லாம் தேச்சாச்சு. கல்யாணத்தன்னிக்கிகூட இவ்வளவு அக்கறையா தேய்க்கல." அவள் 'ம்' என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டரை மணிக்கே முதலீட்டு அலுவலகத்துக்குப் போனாள். சாம்பல் நிறத் தரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பதினேழாம் எண்ணிலேயே நிற்கிற டோக்கன் பலகை. அத்தானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் உறை.

"பாரு, கையெழுத்துக்கு சாட்சி வந்துட்டா" என்றார் அத்தான்.

அவள் உட்காரவில்லை. "போடாதீங்க அத்தான்."

"என்ன?"

"நான் தப்பா சொல்லிட்டேன்." யார்டைப் பற்றிச் சொன்னாள். டிரம், மணல், வாடை, சத்தம். நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துக் காட்டி, படிக்காமல் விட்ட வரியைப் படித்துத் தமிழில் சொன்னாள். அக்கா அந்தத் தாளை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

அத்தான் முதலில் சிரிக்கப் பார்த்தார். "ஏம்மா, லிஃப்ட்டுல ஏறவே பயப்படற ஆளு நீ. அஞ்சு மாடி நடந்து வருவ. இதுவும் அப்படித்தான்."

"அத்தான், நான் காதால கேட்டேன்."

"ஒரு வருஷமா இதே வாயால சொன்ன. யாராலயும் பிடிக்க முடியாதுன்னு. அப்பவும் இப்படித்தான் பேப்பர காமிச்ச. இன்னிக்கி வேற வரிய காமிக்கிற. எத நம்பட்டும்?"

அவள் தாளை அக்காவின் கையிலேயே விட்டுவிட்டாள்.

"சரி. இது இல்லன்னா வேற எது? அந்த நாலுல எது முதல்ல வரும்? அதச் சொல்லு, அதுல போடறேன்."

அவர் நிஜமாகவே கேட்டார். அவள் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அங்கேயே, அந்த உறையை அப்படியே, அதில் போட்டிருப்பார். அதைப் பார்த்ததும் அவளுக்கு யார்டில் நின்றதைவிட அதிகமாக உடம்பு கூசியது.

"தெரியாது அத்தான்" என்றாள். "எனக்கு எதுவுமே தெரியாது. என் மேசைக்கு வர்றது மட்டும்தான் தெரியும்."

டோக்கன் பலகையில் அவர்கள் எண் வந்தது. அத்தான் எழுந்து நின்றார். உறையைப் பார்த்தார், கவுன்ட்டரைப் பார்த்தார். பலகை அடுத்த எண்ணுக்கு மாறியது. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா" என்றார்.

அவர் போடவில்லை. அந்த இரண்டு நண்பர்களும் போட்டார்கள். மச்சினிக்குப் பயம் வந்துவிட்டது என்று அத்தான் சொல்லத்தான் சொன்னார். முன்னே போட்டவர் லாபத்தோடு இருந்துகொண்டு எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நீலப் பெட்டி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் விலையை மட்டும் வாசிப்பார். குற்றம் சொல்ல மாட்டார். "ம், இன்னும் கொஞ்சம் மேல" என்பார், வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி. இப்போதெல்லாம் நிஜமாகவே கண்ணை மூடித் தூங்கிவிடுகிறார். அக்கா தட்டை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்கும்.

காலையில் எழுந்ததும் செய்தி பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் விலை, அப்புறம் தீ விபத்து. எங்காவது ஒரு வீட்டில், ஒரு சுவரோரத்தில், ஏதாவது. ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள். ஒன்றுமில்லை. சே என்று அவள் வாயிலிருந்து வந்தது.

அந்தச் சொல்லை அவளே கேட்டாள். கண்ணாடியில் வாயோரம் நுரை. யாரோ ஒருத்தர் வீடு எரியவேண்டும் என்றல்லவா அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் போடாதது சரி என்று ஆகவேண்டும், தான் சொன்னது பொய்யில்லை என்று ஆகவேண்டும், அதற்கு எங்கேயோ யாரோ புகையில் விழித்தெழ வேண்டும். கழுவுத்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை பட்ட பயமெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அன்று வேலைக்குப் போகும் வழியில், கிடங்கு வாசலுக்கு முன்னால் நின்று, விற்கும் பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அலுவலகத்துக்கு போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், அவசரமில்லாத குரல். அவள் யார்டைச் சொன்னாள், டிரம்களைச் சொன்னாள், லாரியில் புகைந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எங்க வேல பாக்கறீங்க?"

தடியன் ஃபோர்க்லிஃப்ட்டைக் கிளப்பிக்கொண்டே தூரத்திலிருந்து கை காட்டினான். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து மணியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பெயரில்லாமல் புகார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் வரிசையின் அடியில் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கிடங்கிலும் அப்படித்தான், காரணச் சீட்டு இல்லாத பெட்டியைக் கடைசியில்தான் திறப்பார்கள்.

"இருக்கீங்களா?" என்றது குரல்.

"இருக்கேன்" என்றாள். போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எழுதிக்குங்க" என்று சொல்லி, கிடங்கின் முகவரியையும், வேலை பார்க்கிற பிரிவையும், மேசை எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.